ஜன்னலில் ஊதா வெளிச்சம்

நாங்கள் வைட்ஃபீல்டுக்குக் குடிவந்தபோது அந்த வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் மீன் வளர்த்திருக்கிறார்கள். தொட்டியும் அதன் இரும்பு ஸ்டாண்டும் அவ்வளவு கனம். லாரியில் ஏற்ற மனமில்லாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். "வேணும்னா வெச்சுக்கோங்க, இல்லன்னா தூக்கிப் போட்டுடுங்க" என்று வீட்டுக்காரர் போனில் சொன்னார். என் கணவர் தூக்கிப் போடுகிற கட்சி. அந்த அறையில் துணி காயப்போடலாம், ஊரிலிருந்து யாராவது வந்தால் படுக்க வைக்கலாம் என்பது அவர் எண்ணம். நான் தொட்டியைத் துடைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. சரி, இருக்கட்டும் என்றேன்.

நாங்கள் இருவரும் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்கள். அவருக்கு ஒரு கிடங்கில் வேலை, விடிந்ததும் கிளம்பிவிடுவார். எனக்கு ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில், ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிற பில்களைச் சரிபார்க்கும் வேலை. கல்யாணமானதும் ஜீவனஹள்ளியில் இருந்தோம். அங்கே கதவைத் திறந்தால் தெரு, யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே கேட்டில் ஒரு முறை, லிஃப்டுக்கு முன்னால் ஒரு முறை செக்யூரிட்டியிடம் முகம் காட்டி மேலே வந்தால், மாடி முழுக்கச் சாத்திய கதவுகள்.

அதில் எதிர்வீட்டுக் கதவு மட்டும் முதல் வாரமே திறந்தது. தர்மபுரிக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு மெட்ரோ நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு வேலை. காலையில் நாங்கள் இருவரும் கேட்டிலிருந்து ஒரே ஆட்டோவில் போவோம். அவர் பேசுவார், நான் கேட்பேன். மகன் பத்தாவது படிக்கிறான், கணவர் பாதி மாதம் ஹைதராபாத்தில் இருக்கிறார், தண்ணீர் லாரி இன்றைக்கும் வரவில்லை, இப்படி. அவர் வீட்டு இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. இட்லி மாவு அரைத்தால் ஒரு டப்பா எனக்கு வரும். டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று நானும் ஏதாவது வைத்து அனுப்புவேன்.

தொட்டியில் மீன் விடுவதற்கு முன்னால் செடி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பிளாஸ்டிக் செடி வேண்டாம் என்று தீர்மானமாக இருந்தேன். ஜீவனஹள்ளிப் பக்கம் எனக்குப் பழக்கமான மீன் கடையிலிருந்து நாலைந்து விதச் செடிகளை ஈரக் காகிதத்தில் சுற்றி வாங்கிவந்தேன். தொட்டியின் மூடியில் பழைய டியூப் லைட் ஒன்று இருந்தது, அதையே போட்டேன். கொஞ்ச நாளில் செடிகளின் அடி இலைகள் கண்ணாடிபோல ஆகி, தொட்டால் கரைந்தன. தண்டு மட்டும் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக மேலே ஓடியது. கடைக்காரருக்கு போட்டோ அனுப்பினேன். அவர் வீட்டில் உருது, கடையில் தமிழும் கன்னடமும் பேசுகிறவர்.

"லைட் போதாது மேடம். செடிக்கு அதான் சாப்பாடு. நீங்க பட்டினி போட்டு வெச்சிருக்கீங்க" என்றார். செடி வளர்க்கவென்றே விற்கிற எல்இடி விளக்கு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்ன பல்புகள். எரியவிட்டால் அறை முழுக்க ஊதா. "பார்க்க ஒரு மாதிரி இருக்கும். ஆனா காடு மாதிரி வளரும், பாருங்க" என்றார்.

பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது. சுவர், கட்டில், காயப்போட்ட துணி, என் கை எல்லாமே ஊதா. ஆனால் செடிகளுக்குப் பிடித்துவிட்டது. தண்டின் கணுவுக்குக் கணு புது இலை விட்டது. இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்த அறையின் ஜன்னல் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேரே தொட்டியில் விழுந்தால் கண்ணாடியில் பச்சைப் பாசி படியும். அதனால் தடித்த கறுப்புத் திரை ஒன்று வாங்கி மாட்டினேன். வெயிலை வெளியே நிறுத்திவிட்டு, விளக்கின் வெளிச்சத்தை மட்டும் செடிக்குக் கொடுப்பது. முதலில் அதையும் நாள் முழுக்க எரியவிட்டேன். இலை ஓரங்களில் கறுப்பாகத் தாடி முளைத்ததுபோலப் பாசி வந்தது. பிறகு டைமர் ஒன்று வாங்கிப் பொருத்தி, மதியம் எரிய ஆரம்பித்து, இரவு நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்போது அணைகிற மாதிரி வைத்தேன். அதிகமும் ஆகாது, குறைவும் ஆகாது என்பது பழகப் பழகத்தான் பிடிபட்டது.

அக்காவிடம் தொட்டியைக் காட்டவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. முதலில் செடிகள் அழுகிக் கிடந்தன. அதைப் போய்க் காட்டுவானேன் என்று இருந்தது. நன்றாக வளர்ந்து, மீனும் விட்ட பிறகு கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். அவரும் வந்தால் ஹாலோடும் சமையலறையோடும் சரி. உள் அறைக் கதவு சாத்தியே இருக்கும். திறந்தால் ஊதா வெளிச்சம் ஹால் வரை வந்து என் கணவர் டிவி பார்ப்பதைக் கெடுக்கும்.

செடிகள் நன்றாகப் பிடித்த பிறகு, அவற்றுக்குக் கரியமில வாயு கொடுத்தால் இன்னும் செழிக்கும் என்று வீடியோக்களில் பார்த்தேன். சின்ன சிலிண்டர், அதிலிருந்து மெல்லிய குழாய், தண்ணீருக்குள் பொடிக் குமிழ்களாக வாயு வரும். "இன்னா இது, வூட்டுக்குள்ள சிலிண்டரு?" என்று என் கணவர் கேட்டார். சோடாவில் இருக்கிற அதே வாயுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். அதைக் கொண்டுவந்தவர் வாசலில் இறக்கிவைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அக்கா லிஃப்டிலிருந்து வந்தார்.

"என்னம்மா, கேஸ் மாத்துறியா? இவ்ளோ சின்னதா இருக்கு."

"சமையலுக்கு இல்ல அக்கா. செடிக்கு."

"செடிக்கா? எந்தச் செடிக்கு?"

"உள் ரூம்ல வளக்கறேன். மண்ணே வேண்டாம், தண்ணியிலயே வளருது. பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் "ஓஹோ" என்றார். சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். வழக்கமாக வாசலிலேயே நின்று பேசுகிறவர். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

வாயு வந்ததும் செடிகள் உண்மையாகவே காடாயின. மதியத்துக்கு மேல் ஒவ்வோர் இலையிலிருந்தும் முத்து முத்தாகக் குமிழ் கிளம்பும். வாட்டர் விஸ்டீரியா என்று ஒரு செடி. விரல் விரலாகப் பிரிந்த இலை. வெட்ட வெட்டத் தழைத்துத் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கத்தரித்து, இரண்டு கை நிறைய ஈரக்குப்பை வாளியில் போட்டு வாசலில் வைப்பேன். காலையில் குப்பை எடுக்கிற அம்மா வந்து கொண்டுபோவார். பதினைந்து சின்ன மீன்களும் வாங்கி விட்டேன். விளக்கு அணையும்போது வாயுவையும் நிறுத்த வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டேன். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவசரமாகத் தண்ணீர் மாற்றிக் காப்பாற்றினேன்.

அந்தச் சமயத்தில் அக்கா மாறிப்போனார். ஒரு நாள் கேட்டில் காத்திருந்துவிட்டு போன் செய்தால், "நான் சீக்கிரமே வந்துட்டேன்மா, ஆடிட் நடக்குது" என்றார். மறுநாளும் அதே பதில். மாவு டப்பா வருவது நின்றது. நான் அவியல் எடுத்துக்கொண்டு போனபோது வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "பையனுக்குப் பரீட்சை, படிக்கிறான்" என்று கதவைப் பாதி சாத்தியபடி பேசினார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. "பெரிய எடத்துப் பழக்கம் அப்டித்தான், விடு" என்றார் என் கணவர். அக்காவைப் பற்றி எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் நின்றிருந்தார். ஓய்வு பெற்ற மனிதர், கன்னடக்காரர், தமிழும் ஒரு மாதிரி பேசுவார். கூடவே சங்கத்தில் இருக்கிற ஓர் அம்மாள், ஒரு செக்யூரிட்டி.

"நமஸ்காரா மேடம். தப்பா நினைக்கக்கூடாது. ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. உள்ள ரூம்ல ஏதோ செடி வளக்கறீங்களாமே. ஸ்வல்ப நோடபேகு. கொஞ்சம் பாத்துட்டுப் போயிடறோம்."

"என்ன சார் கம்ப்ளெய்ன்ட்?"

அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து என் கணவர் வந்துவிட்டார். "இன்னா செடி? எங்க வூட்ட நீங்க எதுக்குப் பாக்கணும்? நாங்க வாடகை குடுத்துகினு கீறோம்."

"போலீஸ் வர்றதவிட நாங்க வர்றது நல்லதில்லயா சார்?" என்றார் செயலாளர். குரலை உயர்த்தவில்லை.

போலீஸ் என்றதும்தான் எனக்கு உறைத்தது. சில வாரங்களுக்கு முன் எல்லோர் போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு அடுக்ககத்தில் ஓர் அறையை இருட்டாக்கி, ஊதா விளக்கு போட்டுக் கஞ்சா வளர்த்தவர்களைப் பிடித்த வீடியோ. எங்கள் ஜன்னலைக் கீழேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று அப்போதுதான் முதல் முறையாக யோசித்தேன். கறுப்புத் திரை, அதைச் சுற்றி ஊதாக் கோடு. பயமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

"அவர விடுங்க சார், வாங்க" என்று அறைக் கதவைத் திறந்தேன். காலை நேரம், உள்ளே இருட்டு. கையால் விளக்கைப் போட்டேன்.

முதலில் அந்த செக்யூரிட்டிதான் பேசினான். மீன் என்பதை இந்தியில் "மச்லி" என்று சொல்லிச் சிரித்தான். மீன்கள் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக்கு அருகே வந்து கூடின. செயலாளர் குனிந்து பார்த்தார். அந்த அம்மாள் மட்டும் விஸ்டீரியாவைக் காட்டி அது என்ன இலை என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தண்ணீரில் கையை விட்டு ஒரு கொழுந்தைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மோந்து பார்த்தார். குளத்து வாசனைதான் வந்திருக்கும். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் செக்யூரிட்டியிடம் கொடுத்தார்.

"உங்களுக்கு ஊரு எது மேடம்?" என்றார் செயலாளர், பேச்சை மாற்றுவதுபோல.

"கேஜிஎஃப்."

"ஓ" என்றார். தங்கவயல் என்று சொன்னதும் வருகிற அந்த 'ஓ'வை நான் ஆபீஸிலும் கேட்டிருக்கிறேன். ஒன்று தங்கத்தைப் பற்றிக் கேட்பார்கள், இல்லையென்றால் ரவுடிகளைப் பற்றி. அவர் இரண்டையும் கேட்கவில்லை. "லைட் கலர் மட்டும் மாத்திடுங்க. ஜனங்க பயப்படறாங்க" என்றார். லிஃப்ட் வரும்வரை நிற்க வேண்டியிருந்ததால் சங்கடத்தில் இன்னும் ஒன்று சொன்னார். "நாங்க சும்மா வரல்ல மேடம். உங்க தமிழ்க்காரங்களே சொன்னாங்க. தினமும் உங்க குப்பைய பாக்கறவங்க."

எங்கள் மாடியில் தமிழ் பேசுகிற வீடு எங்களைத் தவிர ஒன்றுதான்.

என் கணவர் அப்போதே போய்க் கேட்கிறேன் என்று சட்டையை மாட்டினார். நான் விடவில்லை. கேட்டால் என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன் என்று எதுவுமே எனக்கு ஓடவில்லை. அந்த அறைக்குப் போய்க் கறுப்புத் திரையைக் கம்பியோடு சேர்த்துக் கழற்றிப் போட்டேன். எல்லோரும் பார்க்கட்டும். விளக்கையும் மாற்றவில்லை. சாயங்காலம் கீழே நடக்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தால் தொட்டி, செடி, மீன் எல்லாம் தெரியும். தெரியட்டும் என்று இருந்தேன்.

வீம்புக்குச் செய்தது. வீம்பு எனக்கு, வெயில் செடிகளுக்கு. ஏப்ரல் மாதத்து மேற்கு வெயில் தினமும் தொட்டியில் விழுந்தது. முதலில் தண்ணீர் லேசாக மங்கியது. அடுத்த வாரம் இளம்பச்சை. அதற்கடுத்து, தொட்டிக்குள் கையை விட்டால் விரல் தெரியவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினால் மறுநாளே பழையபடி பச்சை. மீன்கள் இருக்கின்றனவா என்பதே, தீனி போடும்போது வாய் மேலே வந்தால்தான் தெரியும். "இன்னா இது, கீரைய கடைஞ்சு ஊத்துனா மாதிரி கீது" என்றார் என் கணவர். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அந்த வாரத்தில்தான் அக்காவின் வீட்டுச் சாவி அலமாரியில் என் கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு போய் மணியை அடித்தேன்.

"இந்தாங்க அக்கா, உங்க சாவி. என்கிட்ட இருக்கறது உங்களுக்கும் பயமா இருக்கும்."

அவர் சாவியை வாங்கவில்லை. கதவை முழுக்கத் திறந்து, "உள்ள வா" என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றார். "நீயே கண்டுபுடிச்சிருப்ப."

"என்னைக் கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டிருக்கலாம். எத்தனையோ தடவ உன் வாசல் வரைக்கும் வந்தேன். கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா? அப்புறம் தெரிஞ்சுக்கிட்டே உன்கூட ஆட்டோல வரணும். இல்ல, நானே உன்னைக் காட்டிக் குடுக்கணும். ரெண்டும் என்னால ஆகாது."

"காட்டித்தான குடுத்தீங்க?"

அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் நாத்தனார் மகனைப் பற்றிச் சொன்னார். ஓசூரில் இன்ஜினியரிங் சேர்ந்தவன். இரண்டாம் வருஷத்தில் கஞ்சாப் பழக்கம் பிடித்து, இப்போது அப்பாவின் கடையில்கூட உட்கார முடியாமல் வீட்டோடு இருக்கிறான். இத்தனை நாள் ஆட்டோவில் எல்லாக் கதையும் சொன்னவர் இதை மட்டும் சொன்னதில்லை.

"அவனும் பக்கத்து ரூம் பசங்ககிட்ட இருந்துதான் கத்துக்கிட்டான். என் புள்ள இப்ப பத்தாவது. எதிர்வீட்டுல தண்ணியில வளர்ற செடிங்கற, பேரு சொன்னா எனக்குத் தெரியாதுங்கற, சிலிண்டர் வருது, ஊதா லைட் எரியுது. அந்த வீடியோலயும் மண்ணு இல்லாம தண்ணியிலதான் வளக்கறாங்கன்னு சொன்னாங்க. உன் வாளியில பாத்தா அதே மாதிரி இலை. நான் என்ன நெனைக்கட்டும்?"

எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் அவர் சொன்ன வரிசையில் என்னை வைத்துப் பார்த்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன் என்பதும் தெரிந்தது. "ஒரு தடவ உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டிருக்கலாம் இல்ல?" என்று அவர் கேட்டார். காட்டியிருக்கலாம்தான். மன்னிப்பு என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. கடைக்காரருக்கு போன் செய்தேன். "வெயில நிறுத்துங்க, லைட்டையும் நிறுத்துங்க. மொத்தமா துணி போட்டு மூடி வெச்சிருங்க. பச்சைத் தண்ணி தானா செத்துடும், செடி தாங்கிக்கும்" என்றார். கழற்றிப்போட்ட கறுப்புத் திரையை எடுத்துத் தொட்டியையே சுற்றினேன். வாயுவையும் அடைத்தேன். காற்றுக் குமிழ் விடுகிற மோட்டார் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. சில நாள் கழித்துத் திரையை விலக்கியபோது தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. விஸ்டீரியா பாதி இலையை உதிர்த்திருந்தது. மெல்லிய தண்டுச் செடிகள் அழுகிவிட்டன. மீன்கள் வெளுத்துப்போய் ஒரு மூலையில் நின்றன. எண்ணிப் பார்த்ததில் மூன்று குறைவு.

தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நேராக அந்த அறைக்கே வந்து நின்றார். அழுகிய இலை மிதக்கிற தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுவா?" என்றார் கடைசியில்.

"இதுதான்."

"நல்லா இருக்கறப்ப எப்படி இருக்கும்?"

போனில் பழைய படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நிறைந்திருந்த பக்கெட்டைக் குளியலறைக்குத் தூக்கிப் போனார். கொட்டுவதற்கு முன்னால் நான் நிறுத்தினேன். மீன் தொட்டித் தண்ணீர் மண்செடிக்கு நல்ல உரம் என்றேன். "அப்ப என் கறிவேப்பிலைக்கு ஊத்தறேன்" என்று தன் வீட்டுப் பால்கனிக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு நாலு முறை போய் வந்தார். பேச்சு அதிகமில்லை.

அதன் பிறகு வெள்ளை வெளிச்சம் தருகிற விளக்காக மாற்றிவிட்டேன். சங்கம் சொன்னதற்காக இல்லை என்று என் கணவரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில்தான் மீன்களின் நீலக் கோடும் சிவப்பு வாலும் கடையில் பார்த்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தன. இத்தனை நாள் ஊதாவில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தன. செடிகள் திரும்ப நிரம்புவதற்கு மழைக்காலம் வரை ஆனது. அறைக் கதவை இப்போது சாத்துவதில்லை.

அக்காவும் நானும் மறுபடி ஒரே ஆட்டோவில் போகிறோம். எப்போது மறுபடி ஆரம்பித்தது என்று சரியாக நினைவில்லை. ஒரு நாள் மழையில் கேட்டில் ஒரே ஆட்டோதான் நின்றது, அதில் ஏறினோம் என்று நினைக்கிறேன். அவர் முன்போலப் பேசுகிறார். நாத்தனார் மகன் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்திருப்பதைக்கூடச் சொன்னார். நான்தான் சிலவற்றைச் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். அவருக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். கேட்பதில்லை.

போன மாதம் ஒரு காலை, கீழே செயலாளர் எங்களை நிறுத்தினார். முகப்பில் ஒரு நீரூற்றுத் தொட்டி இருக்கிறது. பல வருஷமாக ஓடாமல் கொசு வளர்க்கிறது. அதில் தண்ணீர்ச் செடிகள் வைத்து மீன் விட்டால் நன்றாக இருக்கும் என்று சங்கத்தில் பேசியிருக்கிறார்கள்.

"நீங்களே பொறுப்பு எடுத்துக்கணும் மேடம். உங்களுக்குத்தான் இதெல்லாம் கொத்து, அதாவது நல்லாத் தெரியும் இல்லவா?"

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பக்கத்திலிருந்து அக்கா சொன்னார்.

"அவளுக்கு நேரம் இல்லீங்க சார். வீட்டுல இருக்கறத பாக்கவே ஞாயித்துக்கெழம போயிடுது. வேற யாரையாவது பாருங்க."

செயலாளர் தலையாட்டினார். நாங்கள் கேட்டை நோக்கி நடந்தோம். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "செய்யணும்னு ஆசை இருந்துச்சா உனக்கு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருந்துச்சு" என்றேன்.

"அப்ப சாயங்காலம் போய்ச் சொல்லிக்கலாம். அதுக்குள்ள வேற ஆளு கெடச்சிருக்காது" என்றார்.